பிரிட்டனில் நாடகமும் இம்ப்ரோவைசேஷனும் படிக்க: விண்ணப்பத்திலிருந்து முதல் வகுப்பு வரை

பிளஸ் டூ முடித்துவிட்டோ, ஒரு டிகிரியைக் கையில் வைத்துக்கொண்டோ பிரிட்டனில் நாடகம் படிக்கப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, எழுதிவைத்த வசனம் இல்லாமல் மேடையில் அந்தக் கணத்திலேயே காட்சியை உருவாக்கும் இம்ப்ரோவைசேஷனில் ஆசை உள்ளவர்களுக்காக.

பொறியியலுக்கும் எம்.பி.ஏ.வுக்கும் வழிகாட்டத் தெருவுக்கு ஒரு ஏஜென்ட் இருக்கிறார். நாடகத்துக்கு அப்படி யாரும் இல்லை. நான் போய் உட்கார்ந்த ஏஜென்சியில் நாடகம் என்று சொன்னதுமே "மீடியா மேனேஜ்மென்ட் போடலாமே" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்கள். ஆடிஷன் எப்படி நடக்கும், வீடியோ அனுப்ப வேண்டுமா என்று கேட்டால் பதில் இல்லை. பல இடங்களில் தேடியும், பல்கலைக்கழகங்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதியும் தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாக வைக்கிறேன். ரூபாய்க் கணக்கு எல்லாம் ஒரு பவுண்ட் 115 ரூபாய் என்று தோராயமாகப் போட்டது. அரசுக் கட்டணங்கள் அடிக்கடி கூடும், அதனால் பணம் கட்டும் நாளில் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. எந்த மாதிரிப் படிப்பு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நாடகம் என்ற ஒரே பெயரில் அங்கே மூன்று விதமான படிப்புகள் இருக்கின்றன. விண்ணப்ப வழி, செலவு, தேர்வு முறை மூன்றும் இதைப் பொறுத்தே மாறும்.

முதல் வகை, பல்கலைக்கழக நாடகத் துறையின் மூன்றாண்டு பி.ஏ. மான்செஸ்டர், எக்ஸிடர், லண்டன் அருகே எகாமில் உள்ள ராயல் ஹாலோவே போன்ற இடங்களில் இருப்பது இது. செய்முறையும் எழுத்தும் கலந்த படிப்பு. இம்ப்ரோவைசேஷன் இங்கே ஒரு தனிப் பாடமாகவோ, குழுவாக நாடகம் உருவாக்கும் பாடத்தின் அடித்தளமாகவோ வரும். எதற்காகச் செய்கிறோம், பார்வையாளருக்கு அதில் என்ன நடக்கிறது என்று எழுதவும் வேண்டும்.

இரண்டாவது, நடிப்புப் பள்ளி. ராடா, கில்ட்ஹால் போன்றவை. நாள் முழுக்கப் பயிற்சி, மிகக் குறைந்த இடங்கள், பல சுற்று ஆடிஷன். இங்கே இம்ப்ரோவைசேஷன் நடிகரைத் தயார்ப்படுத்தும் கருவி. எழுத்து வேலை குறைவு.

மூன்றாவது, ஓராண்டு எம்.ஏ. இந்தியாவில் ஏதாவது ஒரு டிகிரி முடித்தவர்களுக்கு இதுதான் பணத்துக்கும் காலத்துக்கும் பொருத்தம் என்று நினைக்கிறேன். ஆங்கில இலக்கியம், விஸ்காம் படித்தவர்களையும் எடுப்பார்கள். ஆனால் நாடக அனுபவத்துக்கு ஆதாரம் கேட்பார்கள்.

உங்களுக்கு எது பொருந்தும் என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: ஒரு காட்சி முடிந்ததும் "இன்னொரு முறை செய்து பார்க்கலாம்" என்று தோன்றுகிறதா, "இது ஏன் இப்படி ஆனது" என்று தோன்றுகிறதா? முதலாவது என்றால் நடிப்புப் பள்ளி. இரண்டாவது என்றால் பல்கலைக்கழகம். இரண்டும் தோன்றினாலும் பல்கலைக்கழகமே நல்லது.

2. பாடத்திட்டத்தைத் தோண்டிப் பாருங்கள்

படிப்பின் பெயரில் "பெர்ஃபார்மன்ஸ்" என்று இருப்பதாலேயே இம்ப்ரோவைசேஷன் சொல்லித்தருவார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு ஆண்டிலும் என்னென்ன பாடம் என்ற பட்டியல் இணையதளத்தில் இருக்கும். அதில் இம்ப்ரோவைசேஷன் என்ற சொல்லே இல்லாமல்கூட அது இருக்கலாம். டிவைசிங் (குழுவாக நாடகம் உருவாக்குவது), கிளவுன் (கோமாளி நடிப்பு), கொமேடியா (பழைய இத்தாலிய முகமூடி நகைச்சுவை), மாஸ்க், அப்ளைடு தியேட்டர் (பள்ளி, சமூகக் களங்களுக்கான நாடகம்), ஃபோரம் தியேட்டர், ஃபிசிக்கல் தியேட்டர் (உடலசைவால் கதை சொல்வது) ஆகிய பெயர்களைத் தேடுங்கள். நடனத் துறை பக்கம் காண்டாக்ட் இம்ப்ரோவைசேஷன் (உடல்கள் தொட்டு, எடையைப் பகிர்ந்து அசைவை உருவாக்குவது) இருந்தால் அதுவும் இதே குடும்பம்தான்.

ஒவ்வொன்றும் வேறு உலகம் என்பதையும் கவனியுங்கள். இம்ப்ரோவைசேஷன் முன்னோடி கீத் ஜான்ஸ்டன் வழியில் போகும் ஆசிரியர், யாருக்கு மேல்நிலை, யாருக்குக் கீழ்நிலை என்ற அந்தஸ்து விளையாட்டுகளில் அதிகம் நிற்பார். அமெரிக்க நாடக ஆசிரியர் வயோலா ஸ்போலின் வழி என்றால், ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு தெளிவான கவனப்புள்ளி இருக்கும். பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்டோ போவாலின் ஃபோரம் தியேட்டர் என்றால், பார்வையாளரே எழுந்து வந்து காட்சியை மாற்றுவார். கிராமங்களிலும் பள்ளிகளிலும் வேலை செய்ய நினைப்பவர்களுக்கு இந்தக் கடைசி வழிதான் ஊர் திரும்பினாலும் நேரடியாகக் கைகொடுக்கும்.

பட்டியலைப் பார்த்த பிறகு, சேர்க்கைப் பொறுப்பாளருக்கு ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்தப் பாடம் கட்டாயமா, விருப்பப் பாடமா? ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறதா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஸ்டூடியோவில்? ஒரு குழுவில் எத்தனை பேர்? மதிப்பெண் எதற்கு, நிகழ்த்துவதற்கா, எழுதுவதற்கா? பெரும்பாலும் பதில் வரும். விருப்பப் பாடம் என்றால் நீங்கள் சேரும் ஆண்டில் அது நடக்காமல் போகலாம், ஆசிரியர் ஆய்வு விடுப்பில் போனாலே போதும். இன்னொன்று: பிரிட்டனில் சமீப ஆண்டுகளாகக் கலைத்துறைகளில் ஆட்குறைப்பும் படிப்புகளை மூடுவதும் நடந்துகொண்டிருக்கிறது. "இந்தப் படிப்பு அடுத்த மூன்று ஆண்டுகளும் தொடருமா?" என்று எழுத்தில் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

3. பணக் கணக்கை வீட்டில் இப்போதே போட்டுவிடுங்கள்

இதை ஆஃபர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வெளிநாட்டு மாணவருக்கு நாடகப் படிப்பின் ஆண்டுக் கட்டணம் சுமார் 16,000 முதல் 29,000 பவுண்ட் வரை போகிறது. நடுவாக 22,000 என்று வைத்துக்கொள்வோம். விசா விதிப்படி தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் காட்ட வேண்டிய தொகை, 2025 நவம்பர் நிலவரப்படி, லண்டனில் மாதம் 1,529 பவுண்ட், லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்ட். ஒன்பது மாதத்துக்குக் கணக்கிட்டால் முறையே 13,761, 10,539. ஆக லண்டனுக்கு வெளியே ஓராண்டுக்கு ஏறக்குறைய 32,500 பவுண்ட், அதாவது 37 லட்சம் ரூபாய். மூன்றாண்டு பி.ஏ. என்றால் ஒரு கோடியைத் தாண்டும். இதில் விசாவும் விமான டிக்கெட்டும் சேரவில்லை.

நிகழ்த்துகலை படித்துவிட்டு அந்தக் கடனை அடைக்கும் சம்பளம் உடனே கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. இதை வெளிப்படையாகச் சொல்லாமல் ஆசைகாட்டுவது தவறு. அதனால்தான் ஓராண்டு எம்.ஏ.வை முதலில் பார்க்கச் சொல்கிறேன். உதவித்தொகைகளும் எம்.ஏ.வுக்குத்தான் அதிகம். பிரிட்டிஷ் கவுன்சிலின் கிரேட் உதவித்தொகை இந்திய மாணவருக்கு ஓராண்டு முதுகலைக்குக் குறைந்தது 10,000 பவுண்ட் தருகிறது. ஆனால் அதில் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகங்களில் மட்டும். இன்லாக்ஸ் அறக்கட்டளையும் முதுகலைக்கு உதவுகிறது. இரண்டுக்கும் பல்கலைக்கழக ஆஃபர் கையில் இருக்க வேண்டும், ஆகவே அதை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

கல்விக் கடன் கேட்கப் போனால், நாடகம் என்றதும் வங்கியில் முகம் மாறும். அடமானம் இல்லாத கடன் பெரும்பாலும் பொறியியல், நிர்வாகப் படிப்புகளுக்கே சுலபமாகக் கிடைக்கிறது. வீட்டுப் பத்திரம் வைத்துத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், வில்லங்கச் சான்றிதழும் வக்கீல் கருத்துரையும் வாங்கவே வாரக்கணக்கில் ஆகும். பிப்ரவரியிலேயே தொடங்குங்கள்.

பணம் அனுப்பும்போது டி.சி.எஸ். வரியையும் (வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தின் மீது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) மனதில் வையுங்கள். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை பிடித்தம் இல்லை. அதற்கு மேல் சொந்தப் பணம் என்றால் வங்கி பிடித்துக்கொள்ளும், வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டலாம். வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் பிடித்தம் கிடையாது.

இந்தத் தொகை எட்டாது என்றால் கனவை மடித்துவைக்க வேண்டியதில்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையில் நாடகத்தில் முதுகலை இருக்கிறது. திருச்சூர் அரணாட்டுக்கரையில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது. டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படிக்கும்போதே உதவித்தொகையும் உண்டு. இலங்கையில் இருப்பவர்களுக்கு மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இவற்றில் படித்துவிட்டுப் பிறகு ஓராண்டு எம்.ஏ.வுக்குப் போவது நல்ல வழி.

4. ஆவணங்கள்: பெயரிலிருந்து தொடங்குங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். மதிப்பெண் சான்றிதழில் ஒற்றை எழுத்து இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து, ஆதாரில் இனிஷியல் பின்னால், அப்பாவின் வங்கிக் கணக்கில் வேறொரு எழுத்துக்கூட்டல். நாம் படித்தவுடனே ஒரே ஆள் என்று புரிந்துகொள்வோம், லண்டனில் கோப்பைப் பார்ப்பவருக்குப் புரியாது. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதுவே அடிப்படை. யுகாஸ் (பி.ஏ.வுக்கான பொது விண்ணப்ப வழி), மொழித் தேர்வு, வங்கிக் கடிதம் எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டல் வர வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், பின்னால் ஒவ்வொரு படிவத்திலும் அது உங்களை நிறுத்தும்.

பிறப்புச் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். பெற்றோரின் கணக்கில் உள்ள பணத்தைக் காட்டப்போகிறீர்கள் என்றால் அது கட்டாயம். பழைய சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயரே பதிவாகியிருக்காது, "ஆண்" அல்லது "பெண்" என்று மட்டும் இருக்கும். நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பெயர் சேர்த்து வாங்க நேரம் ஆகும். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால், மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்து, தேதி, முகவரி, உறுதிமொழி நான்கும் உள்ள ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், டிகிரி என்றால் எல்லா செமஸ்டர் தாள்களும். ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ்., இந்தியாவில் சுமார் 18,000 ரூபாய், இரண்டாண்டு செல்லும். சில பல்கலைக்கழகங்கள் பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணையே ஏற்கும். டிகிரி நிலைப் படிப்புக்கு ஆங்கிலத் தகுதியைத் தீர்மானிக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்திடமே இருப்பதால், தேர்வுக்குப் பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். மாநிலப் பாடத்திட்டமா, சி.பி.எஸ்.இ.யா என்பதைச் சொல்லிக் கேளுங்கள், இரண்டுக்கும் ஒரே பதில் வராது.

நாடக அனுபவத்துக்கான ஆதாரங்களையும் இப்போதே சேருங்கள். கல்லூரி நாடகத்தின் அழைப்பிதழ், புகைப்படம், ஒரு சின்ன வீடியோ துண்டு, பயிற்சி தந்தவரின் கடிதம்.

5. யுகாஸ் விண்ணப்பம்

பி.ஏ.வுக்கு யுகாஸ் என்ற பொது வழி. ஒரே விண்ணப்பத்தில் ஐந்து இடங்கள் வரை போடலாம். 2026 சேர்க்கைக்குக் கட்டணம் 28.95 பவுண்ட், கெடு ஜனவரி 14. கெடு ஆண்டுதோறும் ஜனவரியில்தான் வரும். கிளாஸ்கோவிலுள்ள ராயல் கன்சர்வேட்டாயர், கார்டிஃபிலுள்ள ராயல் வெல்ஷ் கல்லூரி ஆகியவற்றுக்கு யுகாஸ் கன்சர்வேட்டாயர்ஸ் என்ற தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், ஆடிஷன் கட்டணமும் இருக்கலாம். ராடா, கில்ட்ஹால் இரண்டுக்கும் அவரவர் தளத்திலேயே நேரடியாக. எம்.ஏ.வுக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கே நேரடி விண்ணப்பம்.

ஆசிரியர் பரிந்துரையில் ஒரு பொறி இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பித்தால், இறுதித் தேர்வில் எவ்வளவு எடுப்பீர்கள் என்ற எதிர்பார்ப்பு மதிப்பெண்ணைப் பள்ளி சொல்ல வேண்டும். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் இந்தப் பழக்கம் இல்லை. தலைமையாசிரியரிடம் அக்டோபரிலேயே போய், காலாண்டுத் தேர்வுத் தாள்களைக் காட்டி, பள்ளிக் கடிதத் தாளில் எழுதித்தரக் கேளுங்கள். டிசம்பரில் கேட்டால் அரையாண்டுத் தேர்வு, விடுமுறை என்று நாள் ஓடிவிடும்.

தன்விளக்கக் கட்டுரை இப்போது மூன்று கேள்விகளாக இருக்கிறது: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படித் தயார்ப்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றும் சேர்த்து 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றும் குறைந்தது 350. மூன்றாவது கேள்வியில்தான் நமக்கு வலு. பிராட்வே, ஷேக்ஸ்பியர் என்று எழுதாதீர்கள், அது எல்லோரும் எழுதுவது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் எதிரே உட்கார்ந்திருப்பவரை வம்புக்கிழுத்துக் காட்சியைத் திருப்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்பெஷல் நாடகத்தில் வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்தித்து விடிய விடிய நடத்துகிறார்களே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? இவை இம்ப்ரோவைசேஷனின் உயர்ந்த வடிவங்கள், நம் ஊரில் உயிரோடு இருப்பவை. பார்த்ததை மட்டும் எழுதுங்கள், எந்த ஊரில், என்ன நடந்தது, நடிகர் என்ன செய்தார், கூட்டம் எப்படி மாறியது என்று. பார்க்கவில்லை என்றால் இந்தப் பங்குனி, சித்திரையில் போய்ப் பாருங்கள்.

பயிற்சிக்கும் தூரம் போக வேண்டாம். சென்னையில் கூத்துப்பட்டறை, புதுச்சேரிக்கு அருகே ஆதிசக்தி, காஞ்சிபுரத்துக்கு அருகே கட்டைக்கூத்துச் சங்கம். இவற்றில் எதிலாவது ஒரு பட்டறையில் கலந்துகொண்ட அனுபவம் பத்துச் சான்றிதழைவிடப் பேசும்.

6. ஆடிஷனும் பட்டறையும்

எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஆடிஷன் வைப்பதில்லை. பல இடங்கள் விண்ணப்பத்தை மட்டும் பார்த்தே ஆஃபர் தரும். வைக்கும் இடங்களில் வெளிநாட்டு மாணவருக்கு வீடியோ பதிவோ, ஆன்லைன் குழுப் பட்டறையோ, நேர்காணலோ இருக்கும். எது என்று மின்னஞ்சலில் வரும். ஸ்பாம் பெட்டியையும் தினமும் பாருங்கள், பதில் தரச் சில நாள்தான் அவகாசம் இருக்கும்.

வீடியோ பதிவுக்கு: போனைக் கிடைமட்டமாக வையுங்கள், பின்னால் வெற்றுச் சுவர், முகத்தில் வெளிச்சம், மின்விசிறியை அணைத்துவிட்டு எடுங்கள். எடிட் செய்ய வேண்டாம், இசை சேர்க்க வேண்டாம். தனிப்பேச்சு கேட்டால், உங்கள் வயதுக்குப் பொருந்திய பாத்திரத்தை எடுங்கள். பிரிட்டிஷ் உச்சரிப்பைப் போலி செய்யாதீர்கள். அவர்களுக்குத் தேவை உங்கள் குரல்.

பட்டறையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல திறமை உள்ளவர்கள் இங்கேதான் இடத்தை இழக்கிறார்கள். பொதுவாக நடப்பது இப்படி. முதலில் உடலைத் தளர்த்தும் விளையாட்டுகள். பிறகு ஜோடியாக, மூவராகச் சின்னச் சின்னக் காட்சிகள். அப்புறம் ஒரு படத்தையோ பொருளையோ நாலு வரி எழுத்தையோ கொடுத்து, இருபது நிமிடத்தில் குழுவாக ஒன்றை உருவாக்கச் சொல்வார்கள். செய்துகாட்டிய பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். அந்தப் பேச்சும் தேர்வின் பகுதிதான்.

நம் பிள்ளைகள் கல்லூரி கல்ச்சுரல்ஸ் மேடையில் பழகியவர்கள். அங்கே கைதட்டல் வாங்க டைமிங் ஜோக், மிமிக்ரி, பஞ்ச் டயலாக் வேண்டும். பல்கலைக்கழகப் பட்டறையில் அது எதிராக வேலை செய்யும். உடன் நடிப்பவர் "மழை வருது, குடையை எடு" என்று தொடங்கும்போது, சிரிப்புக்காக "இது குடையில்லை, முதலை" என்று சொன்னால் அவர் கொடுத்ததைத் தட்டிவிட்டீர்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், ஆசிரியர் குறித்துக்கொள்வார். அவர் தந்த மழையை ஏற்று, குடை ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் கிழிந்தது, யார் பிடிப்பது என்று காட்சியை நகர்த்தினால் இருவருக்கும் வேலை கிடைக்கும். அவர்கள் பார்ப்பது இதைத்தான்: மற்றவர் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா, அது உங்களை மாற்றியதா, அவரை நன்றாகத் தெரியவைத்தீர்களா.

பேசியே தீர வேண்டும் என்ற பதற்றமும் வேண்டாம். ஆங்கிலத்தில் சொல் வரவில்லை என்றால் செயலால் செய்யுங்கள்: ஒரு பொருளைத் தேடுங்கள், கதவைத் திறங்கள், அருகே போங்கள், விலகுங்கள். உளறல் மொழியில் நடிக்கும் பயிற்சி இந்தத் துறையில் மிகப் பரவலானது. காட்சியில் தமிழ் பேசலாமா என்று கேளுங்கள். பல ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு அனுமதிப்பார்கள், புரியாத மொழியைக் கேட்கும்போது மற்ற நடிகர்களின் கவனம் கூடும்.

குழு வேலையில் தலைவராகிவிட முயலாதீர்கள். அதேபோல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு ஓரமாக நிற்பதும் கூடாது. யாராவது பேச இடமில்லாமல் நின்றால் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைசிப் பேச்சில் "நன்றாக இருந்தது" என்று முடிக்காதீர்கள். எந்த இடத்தில் காட்சி திரும்பியது, யார் செய்த எது அதைத் திருப்பியது, மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். படிக்கப்போகும் மூன்று ஆண்டும் இதையேதான் எழுதப் போகிறீர்கள்.

தயாராக, வாரம் ஒருமுறை நாலைந்து நண்பர்களோடு கூடுங்கள். விதி ஒன்றே: காட்சி மூன்று நிமிடம், ஜோக் கிடையாது. முடிந்ததும் ஒவ்வொருவரும் அரைப் பக்கம் எழுத வேண்டும். அந்த நோட்டே நேர்காணலில் உங்களுக்குப் பேச விஷயம் தரும்.

7. ஆஃபர் வந்த பிறகு

பிளஸ் டூ முடிவு வரும்வரை நிபந்தனை ஆஃபர்தான் வரும். முடிவு மே மாதம் வந்ததும் மதிப்பெண் தாளை அதே வாரத்தில் ஏற்றுங்கள். தற்காலிகச் சான்றிதழ் போதுமா, மூலச் சான்றிதழ்தான் வேண்டுமா என்று கேளுங்கள். நிபந்தனை நீங்கியதும் முன்பணம் கேட்பார்கள், பொதுவாகச் சில ஆயிரம் பவுண்ட். விசா மறுக்கப்பட்டால் அது திரும்ப வருமா என்ற விதியைப் படித்த பிறகே கட்டுங்கள்.

முன்பணம் கட்டிய பிறகு சி.ஏ.எஸ். என்ற சேர்க்கை உறுதி எண் தருவார்கள். இதற்கு முன் ஒரு சின்ன ஆன்லைன் நேர்காணல் வரலாம். ஏன் இந்தப் பல்கலைக்கழகம், பணம் யார் தருகிறார்கள், படித்துவிட்டு என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். நாடகம் படிப்பவரிடம் கடைசிக் கேள்வி கொஞ்சம் அழுத்தமாகவே வரும். பள்ளிகளில் நாடகப் பயிற்சி, சமூக அரங்கு, சொந்தக் குழு என்று உங்கள் திட்டம் எதுவோ அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

8. விசா

படிப்பு தொடங்கும் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பொதுவாக மூன்று வாரத்தில் முடிவு வரும். ஆனால் ஆகஸ்டில் கூட்டம் அதிகம், ஜூலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுண்ட் ஆனது, ஏப்ரல் மாதங்களில் கூடுவது வழக்கம். மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்ட். விசாவில் படிப்புக்கு முன்னும் பின்னும் சில மாதங்கள் சேர்த்துத் தருவதால், மூன்றாண்டுப் படிப்புக்கு மூன்றரை ஆண்டுக் கட்டணம், 2,716 பவுண்ட், கட்ட வேண்டி வரும். ஓராண்டு எம்.ஏ.வுக்கு ஒன்றரை ஆண்டு, 1,164 பவுண்ட். முழுத் தொகையும் விண்ணப்பிக்கும் அன்றே கார்டில் போக வேண்டும். கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வரம்பை முன்னதாகவே வங்கியில் உயர்த்திவையுங்கள்.

பணத்தைக் காட்டும் விதி கறாரானது. தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. அந்த 28 நாளின் கடைசி நாள், விண்ணப்பத்துக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். ரூபாயைப் பவுண்டாக மாற்றும் விகிதத்தை விண்ணப்ப நாளன்று அவர்கள் பார்ப்பார்கள். அதனால் சரியான தொகைக்கு மேல் ஒன்றிரண்டு லட்சம் அதிகமாகவே வைத்திருங்கள். அந்த மாதத்தில் அப்பாவின் கணக்கிலிருந்து கரண்ட் பில், காப்பீட்டுத் தவணை தானாகப் பிடிப்பதால் தொகை கோட்டுக்குக் கீழே இறங்கிவிடாமல் பாருங்கள். பணம் உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்கலாம். தாத்தா, சித்தப்பா கணக்கு செல்லாது. பங்கு, பி.எஃப். கணக்கில் வராது. பெற்றோர் கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் அவர்கள் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் சேர்க்க வேண்டும். மாணவர் பெயரில் வங்கி தந்த கல்விக் கடன் கடிதத்துக்கு 28 நாள் விதி இல்லை.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகிறவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மட்டுமே எடுக்க வேண்டும், குடும்ப டாக்டர் எழுதித்தருவது செல்லாது. ஆறு மாதம் செல்லும்.

9. வகுப்பு தொடங்கிய பிறகு

மதிப்பெண் முறையைப் பார்த்து அதிர்ச்சி அடையாதீர்கள். பி.ஏ.வில் 40 எடுத்தால் தேர்ச்சி, 70 எடுத்தால் முதல் வகுப்பு. பிளஸ் டூவில் 95 வாங்கியவர் முதல் கட்டுரைக்கு 58 வாங்கினால் அது நல்ல தொடக்கம்.

இம்ப்ரோவைசேஷன் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு இருப்பது அரிது. நிகழ்த்துவதை வீடியோவில் பதிவு செய்வார்கள், கூடவே செயல்முறைக் குறிப்பேடும் சிந்தனைக் கட்டுரையும் தர வேண்டும். அன்றன்றைக்கு இரவே எழுதிவிடுங்கள். மேடையில் அந்தக் கணத்தில் நடந்தது நாலு நாளில் மங்கிவிடும், வாரக் கடைசியில் எழுதினால் பொதுப்படையாகத்தான் வரும். அன்றைய குறிப்பை முதலில் தமிழில் எழுதிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் விரித்தெழுதுவது எனக்கு மிகவும் உதவியது.

வகுப்பில் தொடுதல் இருக்கும்: தோளில் சாய்வது, எடையைத் தாங்குவது. தொடக்கத்தில் ஆசிரியர் எல்லைகளைப் பற்றிப் பேசுவார். உங்களுக்கு வசதியில்லாததை அப்போதே சொல்லுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், மதிப்பெண்ணும் குறையாது. தளர்வான பேன்ட், வெறுங்கால், முடியைக் கட்ட ஒரு பட்டை போதும்.

வருகைப் பதிவில் கவனம் வேண்டும். குழு வேலை என்பதால் ஒருவர் வராவிட்டால் மற்றவர்களின் காட்சி நிற்கும். விசா மாணவர் தொடர்ந்து வராவிட்டால் பல்கலைக்கழகம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

10. வெளியே மேடையேறும் முன்

இந்த விதியை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நாடக மாணவருக்கு இதுதான் மிகவும் ஆபத்தானது. டிகிரி படிக்கும் மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஆனால் சுயதொழில் கூடாது, கேளிக்கைக் கலைஞராகத் தொழில் செய்யவும் கூடாது. ஊரில் உள்ள இம்ப்ரோவ் கிளப்பில் சனிக்கிழமை இரவு ஏறி 30 பவுண்ட் வாங்குவது, தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் சன்மானம் வாங்கிக்கொண்டு நாடகம் போடுவது, யூடியூப் விளம்பரப் பணம், பிள்ளைகளுக்குத் தனியாகப் பட்டறை நடத்துவது எல்லாம் இதில் மாட்டும். கையில் காசாக வாங்கினாலும் விதிமீறல்தான். கடையில், நூலகத்தில், அரங்கின் டிக்கெட் கவுண்டரில் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம்.

பணம் வாங்காமல் மாணவர் நாடகச் சங்கத்தில் நடிக்கலாமா, டிக்கெட் விற்கும் நிகழ்ச்சியில் ஏறலாமா, படிப்பின் பகுதியாக வரும் களப்பணி செல்லுமா என்பதையெல்லாம் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேளுங்கள். நிகழ்ச்சியின் தேதி, இடம், யார் நடத்துகிறார்கள், டிக்கெட் உண்டா என்று நாலு வரியில் எழுதினால் போதும். அவர்கள் பதிலை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள்.